வெளிநாடு வந்த தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு: இங்கே யார்கிட்ட மனு கொடுக்கிறது?

வாடகை, பேங்க் அக்கவுண்ட், புளியும் பெருங்காயமும் எந்தக் கடையில கிடைக்கும்னு நிறையப் பேர் எழுதிட்டாங்க. நான் எழுதப்போறது அரசாங்கத்தைப் பத்தி. "வந்தது வேலைக்கு, அரசியல் எதுக்கு"ன்னு கேப்பீங்க. விசா நீட்டிப்பு மாசக்கணக்கா நகராம கிடக்கும்போது யார் கதவைத் தட்டறதுன்னாவது தெரியணுமில்ல.

நம்ம ஊர்ல இந்தக் குழப்பமே கிடையாது. பட்டா மாறலையா, முதியோர் பென்ஷன் நின்னுபோச்சா, தெருவுக்குத் தண்ணி வரலையா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ். வாசல்ல போலீஸ் பையைத் திறக்கச் சொல்லி மண்ணெண்ணெய் பாட்டில் ஏதும் இருக்கான்னு துழாவிப் பார்ப்பாங்க. வெளியில உக்காந்து மனு எழுதறவர்கிட்ட ஒரு தாள் எழுதி வாங்கி, பதிவு போட்டு, வரிசையில நின்னு நீட்டினா, கலெக்டர் ஓரத்துல ஏதோ கிறுக்கிச் சம்பந்தப்பட்ட அதிகாரி பக்கம் தள்ளுவார். நிலம், ரேஷன், தேர்தல், வெள்ளம் எல்லாத்துக்கும் அந்த ஒரே மேசை. அதுல உக்காந்திருக்கிறவரை நாம ஓட்டுப் போட்டு அனுப்பலைங்கிறது நமக்கு உறுத்தினதே இல்லை. 1792-ல திப்பு சுல்தான்கிட்டருந்து நம்ம பக்கத்து நிலப்பரப்பான பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் வரி வசூலுக்கு அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாளரா இருந்த தாமஸ் மன்றோ குடியிருந்தது நம்ம தருமபுரியில. வரி வாங்க வந்த பதவிதான் இன்னைக்கு நம்ம மனுவையும் வாங்குது.

வெளிநாட்டுல அப்படி ஒரே மேசை கிடையாது. அதனால பிரதமர் யாரு, எந்தக் கட்சின்னு படிக்கிறதுக்கு முன்னாடி, எந்த வேலை எந்த மட்டத்து அரசாங்கத்துகிட்ட இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க.

நான் இருக்கிறது ஜெர்மனியில, பவேரியா மாநிலத்துல. வீடு மாறின ரெண்டு வாரத்துக்குள்ள முகவரியைப் பதியணும், அது நகராட்சி. குடியேற்றச் சட்டம் எழுதறது பெர்லின்ல இருக்கிற மத்திய அரசு, ஆனா அதை வெச்சு நம்ம வசிப்பு அனுமதிக் கார்டைக் கொடுக்கிறது மாவட்ட அலுவலகம், பெரிய ஊருன்னா மாநகராட்சி. பள்ளிக்கூடம் 16 மாநிலத்துல அதது தனி. கோடை லீவுகூட ஒரே தேதியில வராது. இந்த அழகுல பெர்லினுக்கு மெயில் மேல மெயில் போட்டு என்ன புண்ணியம்? உங்களுக்கு வர்ற கடிதத்தைப் பாருங்க. உங்க ஃபைலைக் கவனிக்கிறவர் பேரும் ஒரு குறியீட்டு எண்ணும் மேல ஓரமா இருக்கும். அந்த எண்ணைப் போட்டு அவருக்கே எழுதுங்க. தக்க காரணம் இல்லாம மூணு மாசம் ஆகியும் முடிவு சொல்லலைன்னா நிர்வாக நீதிமன்றத்துல வழக்குப் போட சட்டத்துலயே வழி இருக்கு. தீபாவளி ஸ்வீட் பாக்ஸோட மட்டும் போயிடாதீங்க, வாங்கினா அவர் வேலைக்கே ஆபத்து.

பவேரியாவுல மாவட்டத் தலைவரை ஜனங்களே நேரடியா ஓட்டுப் போட்டு ஆறு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறாங்க. ஜெயிச்சு வந்தவர்தானே, ஒரு வார்த்தை சொன்னா நடக்காதான்னு தோணும். நடக்காது. மனு ஓரத்துல கிறுக்கற பழக்கம் இங்கே கிடையாது. எனக்கு அது முதல்ல எரிச்சலாத்தான் இருந்தது, இப்போ நிம்மதியா இருக்கு.

இன்னொண்ணு, ஆட்சியைக் கவுக்கிற விஷயம். 1999-ல வாஜ்பாய் அரசாங்கம் ஒரே ஒரு ஓட்டுல விழுந்தது, 269-க்கு 270. அடுத்து யாருன்னு யார்கிட்டயும் பதில் இல்லாம மறுபடி தேர்தலுக்குப் போனோம். ஜெர்மனியில நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரணும்னா, அடுத்த சான்சலர் (அங்கத்துப் பிரதமர்) யாருன்னு அதே தீர்மானத்துல பேர் சொல்லி அவருக்குப் பெரும்பான்மை காட்டணும். அப்படி ஆட்சி மாறினது 1982-ல ஒரே ஒரு தடவை. நம்ம அரசியல் சட்டத்துல இது இருந்திருந்தா எத்தனை ரிசார்ட்டுக்கு வியாபாரம் படுத்திருக்கும்!

ஊத்தங்கரை தம்பி லண்டன்லருந்து கேட்டதுக்கு: ஸ்டூடண்ட் விசாவுல இருந்தாலும் உங்களுக்கு அங்கே ஓட்டு உண்டுப்பா. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன், சட்டப்படி அங்கே வசிக்கிறவர்னா பார்லிமெண்ட் தேர்தலுக்கே பேர் சேர்க்கலாம். பூத்துல போட்டோ அடையாளம் கேப்பாங்க, நம்ம பாஸ்போர்ட் செல்லும். தேர்தல் முறை நமக்குப் பழகினதுதான்: அதிக ஓட்டு வாங்கினவர் எம்.பி. 2024-ல லேபர் கட்சி மூணுல ஒரு பங்கு ஓட்டை வெச்சே 650 சீட்டுல 400-க்கு மேல அள்ளிச்சு. அதைவிட உங்களுக்கு உபயோகமானது, எம்.பி. தன் தொகுதிக்காரங்களை நேர்ல பார்க்க நாள் ஒதுக்கறது. லைப்ரரியிலயோ ஏதாவது ஒரு ஹால்லயோ உக்காந்திருப்பார். விசா இழுத்தடிச்சா முகவரி, ரெஃபரன்ஸ் நம்பரோட எழுதுங்க. அவர் ஆபீஸ்லருந்து உள்துறைக்குக் கேட்டு எழுதுவாங்க. முடிவை மாத்த அவருக்கு அதிகாரம் இல்லை, ஆனா தூங்கற ஃபைல் முழிச்சுக்கும்.

அமெரிக்கா போறவங்க கவனமா படிங்க. அங்கே கதை தலைகீழ். டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போற இடத்துல, 1993-ல வந்த சட்டப்படி, வாக்காளராப் பதிய விருப்பமான்னும் கேப்பாங்க. கவுண்டர்ல இருக்கிறவர் சாதாரணமா நீட்டினாலும் அந்தக் கட்டத்துல டிக் போடாதீங்க. கிரீன் கார்டு இருந்தாலும் போடாதீங்க. குடிமகன்னு பொய்யா சொன்னதா ஆயிடும், அது நாடு கடத்தற அளவுக்குப் போகும். ஷெரீஃப், பள்ளிக்கூட போர்டு, பல மாநிலத்துல ஜட்ஜுகூட ஓட்டுல வர்றவங்கதான், அதெல்லாம் தள்ளி நின்னு வேடிக்கை பார்க்கலாம்.

நம்ம ஊர்ல பட்ஜெட் சபையில தோத்தா அரசாங்கமே ராஜினாமா பண்ணணும். அமெரிக்காவுல ஜனாதிபதி தனியா, காங்கிரஸ் தனியா ஜெயிச்சு வர்றாங்க. பணத்துக்கு அனுமதி கிடைக்கலைன்னா ரெண்டு பேரும் நாற்காலியில அப்படியே இருப்பாங்க, ஆபீஸ்தான் பூட்டிக்கும். 2025 அக்டோபர்ல ஆரம்பிச்ச அந்தப் பூட்டு 43 நாள் ஓடுச்சு. குடியேற்றத் துறை கட்டணத்துல ஓடறதால அது பெரும்பாலும் திறந்திருக்கும். ஆனா எச்-1பி வேலை விசாவுக்கு முதல்ல தொழிலாளர் துறை ஒப்புதல் வேணும், அந்த வேலை 2013-லயும் நின்னுது, 2025-லயும் நின்னுது. கம்பெனி மாறப்போறவங்க, அங்கே பட்ஜெட் வருஷம் முடியற செப்டம்பர் கடைசியில நியூஸ் பேப்பரைப் பார்த்துட்டுத் தேதி குறிங்க.

மத்த நாடு சுருக்கமா: நியூசிலாந்துல ரெசிடென்ஸ் கிடைச்சு, ஒரு வருஷம் தொடர்ந்து வாழ்ந்திருந்தா பார்லிமெண்ட் தேர்தலுக்கே ஓட்டு. அயர்லாந்துல குடியிருந்தாலே உள்ளாட்சிக்கு ஓட்டு, ஸ்வீடன்ல மூணு வருஷம் பதிவு இருக்கணும். கனடா, ஆஸ்திரேலியாவுல குடியுரிமை வந்தாத்தான். ஆஸ்திரேலியாவுல அதுக்கப்புறம் போடலைன்னா அபராதம்.

துபாய்லருந்து கேட்ட காரிமங்கலம் அண்ணனுக்கு: அமீரகத்துல கட்சின்னு ஒண்ணே கிடையாதுங்கண்ணா. ஏழு அமீரகம் சேர்ந்த கூட்டாட்சி. 40 பேர் கொண்ட தேசிய கவுன்சில் ஆலோசனை சொல்லும், அதுல பாதிப் பேர்தான் தேர்தல்ல வர்றவங்க. அதைவிட முக்கியம், வாட்ஸ்அப் குரூப்புல ஊர் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் போட்டீங்களே, அதை உடனே நிறுத்துங்க. அனுமதி இல்லாம நன்கொடை திரட்டறது அங்கே குற்றம். நோக்கம் நல்லதாச்சேன்னு விடமாட்டாங்க. அவங்கவங்க ஊர்ல இருக்கிற தங்களோட பேங்க் கணக்குக்குத் தனித்தனியா அனுப்பிக்கலாம்.

ஓசூர் தங்கச்சிக்கு: பிறப்புச் சான்றிதழ்ல தருமபுரி மாவட்டம், பாஸ்போர்ட்ல கிருஷ்ணகிரின்னு இருந்தா பயப்படாதம்மா. 2004 பிப்ரவரி 9-ல மாவட்டம் பிரிஞ்சது, அதுக்கு முன்னாடி பிறந்த உங்க பக்கத்து ஆட்கள் பலருக்கும் இதே கதைதான். அப்பா சான்றிதழ்ல சேலம்னு இருந்தா அதுவும் சரிதான், தருமபுரியே 1965-ல சேலத்துலருந்து பிரிஞ்சதுதானே. ஆனா மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இது தெரியாது. பிரிவினை அரசாணை நகலோட மொழிபெயர்ப்பு ஒண்ணை ஃபைல்ல முதல் தாளா வெச்சுக்க.

கடைசியா, ஊர் ஓட்டு. இந்தியக் குடியுரிமை இருக்கிறவரைக்கும் படிவம் 6ஏ போட்டு, பாஸ்போர்ட்ல இருக்கிற இந்திய முகவரித் தொகுதியில வெளிநாடு வாழ் வாக்காளரா சேரலாம். ஆன்லைன்லயே போடலாம். ஆனா ஓட்டுப் போட நேர்லதான் வரணும், ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட. வேற நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டா இந்த உரிமை போயிடும், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளிக்குத் தர்ற ஓசிஐ அட்டைக்கு ஓட்டு கிடையாது. பழைய வாக்காளர் அட்டை கையில இருந்தா 6ஏ போடும்போதே ஒப்படைச்சிடுங்க.