கொல்லிமலை வளைவில் பைக்குகளைப் படம் எடுக்க எங்கே நிற்பது?

வணக்கம். நான் மண்டபம் பக்கம். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போகும் சாலையோரம் நின்று, பைக்கில் வருகிறவர்களைப் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்புவேன். அங்கே சாலை நேர்கோடு. கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தார் மேல் மணல் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும், அதில் முன் பிரேக்கை அழுத்தினால் வழுக்கும். அதுதான் எங்களுக்குப் பழகிய ஆபத்து.

இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் கொல்லிமலை போகிறார்கள், என்னையும் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. எனக்குப் பயமே கேமராதான். லென்ஸைப் பார்த்ததும் ஒரு கை ஹேண்டில்பாரை விட்டு மேலே போகும், தலை என் பக்கம் திரும்பும். வளைவில் பார்வை போகும் பக்கம்தான் வண்டியும் போகும்.

வளைவின் வெளிப்பக்கம் நிற்க மாட்டேன், சறுக்கிய வண்டி அங்கேதான் வரும். உள்பக்கம் நின்றால் எதிரே வரும் பஸ்ஸை நான் மறைத்துவிடுவேனோ? மேல் வளைவிலிருந்து 200 எம்எம் லென்ஸில் கீழே வருகிறவர்களை எடுக்க, தடுப்புச் சுவருக்குள் பத்திரமான இடம் உண்டா? பேனிங்குக்கு, அதாவது வண்டியோடு கேமராவைத் திருப்பி எடுக்க, ஷட்டர் வேகம் 1/125 வைப்பேன், வளைவில் மெதுவாக வருவார்கள், இன்னும் குறைக்கலாமா?

அப்புறம் முக்கியமாக, இறக்கத்தில் இரண்டாம் கியரில், பிரேக்கையே நம்பாமல் எஞ்சின் பிடிப்பில் இறங்குவதை இந்தச் சமதரையில் பையன்களுக்கு எப்படிப் பழக்குவது? மலையில் ஓட்டிய அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.