கத்திரி வெயிலில் கேம் ஆடிய லேப்டாப்கள்

வேலூரிலிருந்து:

எங்கள் ஊர் மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே என் அறை. லேப்டாப்பில் ‘சைபர்பங்க் 2077’ கேம் தொடங்கி இருபது நிமிடம் நன்றாக ஓடும். பிறகு வினாடிக்கு 60 பிரேமிலிருந்து (திரையில் மாறும் படங்கள்) 20-க்கு விழும், சிறிது நேரத்தில் எழும், மறுபடி விழும். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். சர்வீஸ் சென்டரில், “கேமிங் லேப்டாப் என்றால் சூடாகத்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பாகங்களின் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு 80 டிகிரியில் சாதுவாக இருந்தது. ப்ராசஸர்தான் 97. அந்த எல்லையில் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது. ஆறியதும் மறுபடி பாய்கிறது. திக்கலுக்குக் காரணம் இந்த ஏற்ற இறக்கம்தான். இதைப் பார்க்காமலே 1,400 ரூபாய்க்கு கூலிங் பேட் வாங்கியிருந்தேன். அது குறைத்தது மூன்று டிகிரி!

விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ என்ற வரியில் 100 என்பதை 99 ஆக்கினேன். ஒரே ஒரு எண்தான்; ஆனால் ப்ராசஸர் வழக்கமான வேகத்தைத் தாண்டிப் பாயும் டர்போ பூஸ்ட் நின்றுவிடுகிறது. ப்ராசஸர் 78-க்கு இறங்கியது. பிரேம் 50-தான் வருகிறது, ஆனால் ஆடாமல் அசையாமல் வருகிறது.

திருப்பூரிலிருந்து:

99 வைத்தியத்தை நான் கடைசிக்குத்தான் வைப்பேன், அண்ணா. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நாமே ஏன் பூட்ட வேண்டும்? முதலில் அடிமூடியைக் கழற்றுங்கள். எங்கள் வீட்டுக்குக் கீழேயே பனியன் தைக்கும் கூடம். என் லேப்டாப்பைத் திறந்தபோது விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு மெத்தை போல ஒரு படலம். விரலால் உரித்து எடுத்தேன். விசிறி எவ்வளவு சுற்றினாலும் காற்று வெளியே போக வழியில்லை. அதை எடுத்ததில் மட்டும் 11 டிகிரி குறைந்தது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தூசி போகக் காற்றடிக்கும்போது விசிறியைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். பம்பரமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

இன்னொன்று: பிரேமுக்கு வரம்பு வையுங்கள். என் பழைய கேம் ஒன்றின் மெனு திரையே 200 பிரேமில் ஓடிக்கொண்டிருந்தது. அசையாத ஒரு படத்துக்கு விசிறி அலறியது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் 60 என்று நிறுத்தியதும் அடங்கிவிட்டது.

நாகர்கோவிலிலிருந்து:

என் கதை வெட்கக்கேடு. இரண்டு மாதம் தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸர் சூட்டைக் கடத்தும் பசை), அண்டர்வோல்ட் (அதற்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது) என்று படித்துத் தள்ளினேன். லேப்டாப் இருந்ததோ மெத்தை மேல். காற்று உறிஞ்சும் துளைகள் அடிப்பக்கத்தில்! அம்மாவின் சப்பாத்திப் பலகை மேல் வைத்து, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்தேன். இப்போது பலகையைத் திருப்பிக் கேட்கிறார்.

வேலூரிலிருந்து மீண்டும்:

தம்பி, ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தேன். பஞ்சு இல்லை; நாய் முடி. தெர்மல் பேஸ்டும் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. புதிது தடவிவிட்டு 100-க்கே மாற்றிப் பார்த்தேன்: 88 டிகிரி. இருந்தாலும் கத்திரி முடியும்வரை 99-லேயே ஆடுகிறேன்.