வாவியில் விழும் ஓடைக்குக் கதவு போடலாமா?

வட்டைக்காரன்:
வவுணதீவுப் பக்கம் எங்கள் வட்டையை, அதாவது வயல்வெளியை, சுற்றிக் கிழக்கே போய் மட்டக்களப்பு வாவியில் விழும் சின்ன ஓடை பற்றித்தான் பேச்சு. போகத் தொடக்கத்தில் விவசாயிகள் கூடும் கன்னக் கூட்டத்தில் அதன் வாயில் ஒரு கதவு கட்டித் தரச் சொல்லிக் கேட்டோம். அன்றிலிருந்து ஓடையைக் கொல்லப் போகிறார்கள் என்று ஒரே கூச்சல். ஆடி மாதத்தில் அந்தத் தண்ணீரைப் பம்பால் இறைத்துப் பாருங்கள், சிறுபோக, அதாவது கோடைப்போக, நெற்பயிர் நுனி கருகி நிற்கும். வாவி உப்பு ஏறுகிறது, மறிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தோணிக்காரன்:
தம்பி, ஓடை வாயைத் தாண்டித் தோணி விட முடியாத அளவுக்கு ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மண்டிக் கிடக்கிறது, அதுவும் நல்ல பச்சையாக. உப்பில் ஆற்றுவாழை நிற்குமா? கோடையில் அந்த ஓடைக்குத் தண்ணீர் வருவதே உன்னிச்சைக் குளத்து நீர் உங்கள் வயலில் பாய்ந்து வடிச்சலாக இறங்குவதால்தான். நீங்கள் அடித்த உரமும் மருந்தும் கரைந்து வரும் தண்ணீரைத் திரும்ப இறைத்துவிட்டு வாவியில் பழி போடாதீர்கள்.

கச்சான்காற்று:
ஆற்றுவாழையின் வேர் மேல் தண்ணீரில்தான் தொங்கும் அண்ணன், அது அடித்தண்ணீருக்குச் சாட்சி சொல்லாது. ஒரு லீட்டர் கடல் நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 25 கிராம் பாரம் கூட, அதனால் வாவியின் உவர் நீர் ஓடையின் அடியால் ஆப்பு மாதிரி நுழையும், வடிச்சல் நீர் அதன் மேலே படர்ந்து வாவிக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஓடையின் கீழ்ப்பகுதியில் வாட்டமே (சரிவே) இல்லை, அடி மட்டம் வாவி மட்டத்துக்கும் தாழ்வு, பிறகு எப்படி நுழையாமல் இருக்கும்?

இதில் காற்றையும் சேருங்கள். நம் கரையில் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மண் மூடிவிட்டால் வாவிக்குள் அது தெரியவே தெரியாது. ஆனால் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது மேல் தண்ணீர் வாவியின் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் தள்ளப்படும், அடித்தண்ணீர் எதிர்த்திசையில், மேற்கே நம் படுவான்கரைக்கு வரும். பின்னேரம் ஓடை வாயில் நின்று மேலே மிதக்கும் சருகைப் பார்த்தால் தண்ணீர் வெளியே போகிறது என்றுதான் சொல்வோம்.

பம்பின் ஹோஸ் எங்கே கிடக்கிறது? சேற்றோடு சேர்ந்து, அடியில்.

வட்டைக்காரன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! அடியால் உப்பு வருகிறது என்றால் கதவு தேவை என்பது முடிவாகிவிட்டது.

கச்சான்காற்று:
முதலில் ஹோஸை ஒரு கலனில் கட்டி மிதக்க விடுங்கள், செலவே இல்லை. உப்பளக்கும் மீற்றரால் மேல் தண்ணீரையும் அடித்தண்ணீரையும் தனித்தனியே அளந்து பாருங்கள். உப்புக் கூடக் கூட மின்கடத்தலும் கூடும், மீற்றர் காட்டுவது அதைத்தான்; கடல் நீர் 50 டெசிசீமென்ஸ் அளவில் இருக்கும், நெல்லுக்கு 3 தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். மேல் தண்ணீரும் 3ஐத் தாண்டினால் பிறகு கதவைப் பற்றிப் பேசலாம்.

ஓடைக்கரைப் பொடியன்:
இடையில் ஒன்று. ஓடை ஓரத்தில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் கிடக்கிறதே, பம்புக்காரர் டீசல் கொட்டுவதுதானே?

கச்சான்காற்று:
குச்சியால் குத்திப் பார் தம்பி. துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் பக்றீரியா, சேற்றில் வழக்கமாக வருவது. திரும்ப ஒட்டிக்கொண்டால் எண்ணெய்.

தோணிக்காரன்:
சரி, அடியில் உப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த உப்பை நம்பித்தான் இறால் குஞ்சு ஏறுகிறது. இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு வாவிக்குள் வந்து இப்படிப்பட்ட ஓடை வாய்களிலும் கண்டல் மர வேரடியிலும்தான் வளரும். கதவைப் போட்டு அதை மறித்தால் எங்கள் வலைக்கு என்ன வரும், ஆற்றுவாழையா?

வட்டைக்காரன்:
யார் முழுக்க மறிக்கச் சொன்னது? கதவு வேண்டாம் என்றால் பலகை போடும் சின்ன அணை. பலகை அடித்தண்ணீரை மட்டும் தடுக்கும், மேல் தண்ணீர் வழிந்து போகும். ஐப்பசி பிறந்ததும் பலகையைக் கழற்றிவிடலாம்.

தோணிக்காரன்:
கழற்றுவது யார்? மழை நம் கணக்குப் பார்த்துப் பெய்யாது. வாட்டம் இல்லாத ஓடையில் இரண்டு பலகை மறந்து நின்றாலே வெள்ளம் பின்னுக்கு ஏறும், முதலில் முழுகுவது உங்கள் மழைக்கால முன்மாரி விதைப்புத்தான். பெருவெள்ளத்தில் நடு இரவில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பலகை இழுக்க, வயல் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டைவிதானை வருவாரா? பலகைக்கு முன்னால் சேறும் கட்டும், அதை வாருவது யார் செலவு?

வட்டைக்காரன்:
அதற்கு ஒரு ஆளை வைத்தால் போச்சு. எல்லாவற்றுக்கும் பயந்தால் சிறுபோகமே செய்ய முடியாது அண்ணன்.

தோணிக்காரன்:
ஆளை வையுங்கள், சம்பளம் யார் கொடுப்பது என்பதையும் அடுத்த கன்னக் கூட்டத்தில் எழுதி எடுங்கள். கூட்டத்துக்கு எங்கள் சங்கத்திலிருந்தும் ஆள் வருவோம், மீற்றரோடு.