ஆகஸ்டில் கோத்தகிரியிலிருந்து வரும் உறவினர்களுக்கு மலையகத்தில் எதைக் காட்டலாம்?

தலவாக்கலை மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரியிலிருந்து என் பெரியப்பாவும் பெரியம்மாவும், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளுடன் வந்து ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கவிருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை கிடைத்து, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பம் அது. அதன் பிறகு அவர்கள் இந்த மண்ணை மிதிப்பது இதுவே முதன்முறை.

எனக்குள்ள சிக்கல் இதுதான். அங்கேயும் தேயிலை மலையில்தான் அவர்கள் வாழ்கிறார்கள். குளிரும் பனியும் கொழுந்துக் கூடையும் அவர்களுக்குப் புதியவை அல்ல. நுவரெலியாவில் கிரகரி வாவி, ஹக்கலைப் பூங்கா, சீதாஎலிய அம்மன் கோயில் ஆகியவற்றுக்கு எப்படியும் அழைத்துச் செல்வேன். டெவன், சென்கிளயர் அருவிகளோ எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இவற்றைத் தவிர, நீலகிரியில் கிடைக்காத எதை இங்கே காட்டலாம்? பெரியம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் நீண்ட தூரம் நடக்க முடியாது. பெரியப்பா சிவனொளிபாத மலை ஏற வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஊவா வாசகர்:

வணக்கம் தங்கச்சி. பண்டாரவளையில் இருப்பவன் என்பதால் எங்கள் பக்கத்துக்காகப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஆகஸ்ட் மாதம் என்பதே இங்கு முதலில் கவனிக்க வேண்டிய செய்தி. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மழையைப் பெரும்பாலும் மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அதே காற்று வறண்ட கச்சானாக மாறிவிடும். எனவே வாரத்தின் பாதியையாவது ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல ஆகிய இடங்களுக்கு ஒதுக்குங்கள்.

அங்கே போவதற்கு வேனை விட ரயிலே சிறந்தது. நீலகிரி மலை ரயில் மீட்டர் பாதையில், செங்குத்தான பகுதியில் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. நம்முடைய பாதையோ ஐந்தரை அடி அகலப் பாதை. பற்சக்கரம் எதுவும் இல்லாமல், வளைந்து வளைந்தே 1,898 மீற்றர் உயரத்தை எட்டிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு ஏற்றிப் பாருங்கள், ஒவ்வொரு வளைவையும் எண்ணுவார்கள். 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்த பாதை, பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல்தான். பட்டிப்பொல நிலையத்தைக் கடந்ததும் வரும் சுரங்கத்தின் இந்தப் பக்கம் மழைமூட்டமும் அந்தப் பக்கம் வெயிலுமாக இருப்பதை ஆகஸ்டில் பல நாட்களில் பார்க்கலாம். ஒஹியவிலிருந்து ஹப்புத்தளை வரை வலப்பக்கத்து யன்னலில் பெரியம்மாவை அமர்த்துங்கள். தெற்கே தாழ்நிலம் முழுவதும் விரிந்து தெரியும். உங்கள் பெரியப்பா அன்று தலைமன்னார் போவதற்காகக் கீழ்நோக்கிப் பயணம் செய்திருப்பார். மேல்நோக்கிச் செல்லும் இந்தப் பகுதியை அவர் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

எல்லயையும் தாண்டித் தெமோதர வரை போங்கள். அங்கே பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாக நுழைகிறது. நிலையத்தில் நின்றபடியே இதைப் பார்க்கலாம் என்பதால் நடக்க முடியாதவர்களுக்கும் ஏற்றது. 1921இல் செங்கல், கல், சீமெந்து ஆகியவற்றால் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்துக்கு முச்சக்கர வண்டியில் ஓரளவு கிட்டே செல்லலாம். பெரியவர்கள் மேலேயிருந்து பார்த்தால் போதும். படம் எடுப்பதற்காகத் தண்டவாளத்தில் நிற்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

மண்சரிவால் இந்தப் பாதை அடிக்கடி தடைப்படுவதுண்டு. சேவை எந்த நிலையம் வரை நடக்கிறது என்பதை முதல்நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுவழி:

சிவனொளிபாத மலையை இந்த முறை விட்டுவிடச் சொல்லுங்கள். மார்கழி (டிசம்பர்) மாதப் போயாவில், அதாவது முழுநிலா நாளில், தொடங்கும் யாத்திரைக் காலம் மே மாத வெசாக் போயாவோடு முடிந்துவிடுகிறது. ஆகஸ்டில் படிகளில் விளக்கும் இருக்காது, வழியில் கடைகளும் இருக்காது; மழையும் காற்றும் கடுமையாக இருக்கும். வயதானவர் அந்த ஆயிரக்கணக்கான படிகளை அந்த நிலையில் ஏறுவது ஆபத்து. மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை சென்று, மேகம் விலகினால் அடிவாரத்திலிருந்து வணங்கிவிட்டு வரலாம்.

ஹோர்ட்டன் சமவெளியைப் பொறுத்தவரை, 'உலக முடிவு' எனப்படும் செங்குத்தான மலைவிளிம்பிலிருந்து பள்ளத்தாக்கைத் தெளிவாகக் காண உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகஸ்டில் போவதானால் விடியற்காலையிலேயே நுழைவாயிலை அடைந்துவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு பெரும்பாலும் பனிமூட்டமே மிஞ்சும். சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் என்பதால் பெரியம்மாவை அழைத்துச் செல்ல வேண்டாம். பிள்ளைகள் கட்டாயம் போகட்டும்: நீலகிரியின் சோலைக்காடும் புல்வெளியும் கலந்த அதே நில அமைப்பைக் கடலுக்கு இப்பால் கண்டால், இரண்டு மலைகளுக்கும் உள்ள உறவு அவர்களுக்குத் தானாகவே விளங்கும். மரைகளுக்கு உணவு எதையும் கொடுக்கக் கூடாது; பிளாஸ்டிக் உறைகளை வாயிலிலேயே அகற்றச் சொல்வார்கள்.

தலவாக்கலை மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஊவா அண்ணா, தேயிலையையே பார்த்துச் சலித்தவர்களுக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பார்க்க ஏதாவது இருக்கிறதா? தாம் பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை, பார்க்க வேண்டும் என்று பெரியப்பா இன்று தொலைபேசியில் சொன்னார். அந்தத் தோட்டம் கொத்மலைப் பக்கத்தில் இருக்கிறது.

ஊவா வாசகர்:

இருக்கிறது. கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான் ஊவாத் தேயிலையின் தரமான பருவம். வறண்ட காற்றில் கொழுந்துக்கு ஒரு தனி வாசனை ஏறுகிறது. தேயிலை தெரிந்தவர்கள் ஒரு மிடறிலேயே கண்டுகொள்வார்கள். ஹப்புத்தளைக்கு அருகே, தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டு, முச்சக்கர வண்டியில் 'லிப்டன் இருக்கை' என்ற மலையுச்சிக் காட்சிமுனைக்கு ஏறுங்கள். ஆனால் மேகம் எழும் முன் மேலே இருக்க வேண்டுமானால் இந்த வரிசையை மாற்றி, இருக்கைக்கு முதலில் போவதே நல்லது.

கம்பளை ஆசிரியை:

மகள், அவர்கள் வரும் வழியிலேயே ஓர் இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், லயன் அறைகளையே அருங்காட்சியகமாக்கி, தோட்டத் தொழிலாளரின் வரலாற்றுக்கென 2007இல் திறந்திருக்கிறார்கள். நம் முன்னோர் புழங்கிய பொருட்களும் தொழிற்கருவிகளும் பழைய ஆவணங்களும் அங்கே உள்ளன. ஹந்தானைத் தேயிலை நூதனசாலை இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரையும் சொல்கிறது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களைச் சொல்வது இந்தச் சிறிய இடம்தான். என்னைக் கேட்டால், ஒன்றுக்கு மட்டும் நேரம் இருந்தால் பீகொக் தோட்டத்துக்கே போகச் சொல்வேன். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பிறந்த லயத்துக்குப் போகும் முன் தோட்டத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தோட்ட அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தால் அவரே சொல்லுவார். கொத்மலையில் நீர்த்தேக்கத்துக்குள் போன பகுதிகளும் உண்டு என்பதால், அந்த லயம் இப்போதும் நிற்கிறதா என்பதைப் பெரியப்பா வந்து சேர்வதற்கு முன்பே நீங்கள் நேரில் சென்று பார்த்துவிடுவது நல்லது. அங்கே இப்போது வேறு குடும்பம் வாழும். அனுமதி கேட்காமல் வாசலில் நின்று படம் எடுக்க வேண்டாம். மாலையில் போங்கள், அதற்குள் மலையிலிருந்து எல்லோரும் திரும்பியிருப்பார்கள். பெரியப்பாவின் தகப்பனார் பெயரைச் சொன்னால் தெரிந்துகொள்ளக்கூடிய வயதானவர்கள் யாராவது அங்கே இருக்கக்கூடும்.