புதுப்பிப்பு: பக்கெட் பின்னில் கிரீஸ் உருகி ஒழுகியது – காரணம் தெரிந்தது

20 டன் பொக்லைனில் பக்கெட் பின் (பக்கெட்டைக் கையோட இணைக்கிற இரும்புத் தண்டு) கிரீஸ் மதியத்துக்குள் மோர் மாதிரி ஒழுகுது, புஷ் (பின் உட்காருற உலோகக் குழல்) கிறீச்சிடுதுன்னு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"ரெண்டு வகை கிரீஸ் கலந்திருக்கும், பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் சரி. உள்ளே இருந்தது பென்டோன் கிரீஸ், அதாவது களிமண்ணால் கெட்டியாக்கினது. அதுக்கு மேல லித்தியம் காம்ப்ளெக்ஸ் (லித்தியம் சோப்பால் கெட்டியாக்கின கிரீஸ்) அடிச்சிருக்கு. ரெண்டும் சேராது, கலந்தா இளகிடும். தனித்தனியா ரெண்டுமே நல்ல சரக்குதான், அதனால ஒண்ணை மட்டும் பார்த்தா தப்பு தெரியாது.

பின்னைக் கழற்றி, அதையும் புஷ், கிரீஸ் ஓடுற பள்ளம் எல்லாத்தையும் டீசலில் கழுவித் துடைச்சாச்சு. இப்போ போடுறது லித்தியம் காம்ப்ளெக்ஸ், என்எல்ஜிஐ 2 (கிரீஸின் கெட்டித்தன்மை எண்), இ.பி. (அதிக அழுத்தம் தாங்குற வகை), 3% மோலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு தூள்). 10 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு ஓரத்திலும் புது சாம்பல் நிற கிரீஸ் வளையமா பிதுங்கும் வரை. ஒழுகலும் சத்தமும் நின்னுடுச்சு.

எதிர்பார்க்காத ஒண்ணு: ஒரு பின் மட்டும் கிரீஸ் வாங்கவே இல்லை. நிப்பிள் (கிரீஸ் ஏத்துற முனை) மாத்தியும் பலனில்லை. பக்கெட்டைத் தரையில் வச்சு, பின் மேல இருந்த பாரத்தை எடுத்து, இன்ஜினை நிறுத்தின பிறகு அடிச்சதும் இறங்கிடுச்சு. பாரம் இருந்தா பின் ஒரு பக்கமா அழுந்தி வழியை அடைச்சுக்கும். அந்த நேரத்தில் கிரீஸ் கன்னை முரட்டுத்தனமா அமுக்கினா சீல்தான் போகும்.

இந்த மோலி கிரீஸை ஆல்டர்னேட்டர் மாதிரி வேகமா சுத்துற பேரிங்குக்குப் போடாதீங்க.