எம்.எஸ். கால் விறைப்புக்கு டிஎம்எஸ் செய்தவர்கள் இருக்கிறீர்களா?

கவிதா: என் தங்கைக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற மூளை, தண்டுவட நரம்பு நோய். காலையில் இடது கால் கட்டைபோல விறைத்துவிடுகிறது. செருப்பு மாட்ட நான்தான் முழங்காலை மடக்கிவிட வேண்டும். விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தின் அளவைக் கூட்டினால் நாள் முழுக்கத் தூக்கம். டாக்டர் டிஎம்எஸ், அதாவது தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை பற்றிச் சொன்னார். வலிக்குமா?

செல்வம்: பெரிய வலி இல்லை அக்கா, மயக்க மருந்தும் கிடையாது. உச்சந்தலையில் காந்தச் சுருளை வைப்பார்கள், டக்டக்கென்று சத்தம் வரும். காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். எனக்கு விறைப்பு நன்றாகவே தளர்ந்தது, ஆனால் சில வாரங்களில் திரும்பிவிட்டது.

மீனா: நான் பிசியோதெரபிஸ்ட். 2010இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இரண்டு வாரத் தூண்டலில் விறைப்பு குறைந்ததாக எழுதினார்கள், சின்ன ஆய்வுதான். நோயை இது நிறுத்தாது. கால் தளர்ந்திருக்கும்போதே பயிற்சி செய்யவையுங்கள், தயவுசெய்து அதை விடாதீர்கள். அப்புறம், வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம், காது கேட்பதற்காக உள்ளே பொருத்திய காக்ளியர் கருவி ஏதும் உண்டா என்று முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கவிதா: சின்ன வயதில் ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.