நப்பின்னை என்று மகளுக்குப் பெயர் வைக்கலாமா?

முல்லைக்கொடி:
மகள் பிறந்து நாற்பது நாள் ஆகிறது. நப்பின்னை என்று வைக்க நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம், ஆனால் வீட்டில் எங்கள் இருவரைத் தவிர ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மாமியாருக்கு நாக்கு வளையவில்லையாம். நாத்தனார் இது ஐயங்கார் வீட்டுப் பெயர், நமக்கெதற்கு என்கிறார். சித்தப்பா மட்டும் நல்ல தமிழ்ப் பெயர் என்று பாராட்டிவிட்டு, அப்புறம் மெதுவாக "ஆனா வேண்டாம்மா" என்கிறார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு அரிது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாழினி, மகிழினி, ஆதிரை என்று யாரும் பட்டியல் போட வேண்டாம், எங்கள் தெருவிலேயே மூன்று யாழினி இருக்கிறார்கள்.

கணக்குவாத்தியார்:
வேண்டாம் அம்மா. முப்பது வருடம் வருகைப்பதிவு வாசித்தவன் சொல்கிறேன். அபூர்வமான பெயர் வைக்கிற ஆசை பெற்றவர்களுக்கு, அதைச் சுமப்பது பிள்ளை. "பின்னை" என்று கேட்டதும் வகுப்பில் பின்னூசி, பின்பெஞ்ச் என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டி பெயரை வையுங்கள், முடிந்தது வேலை.

எருமன்றம்:
வாத்தியார் ஐயா, கிண்டலுக்குப் பயந்தால் கடைசியில் ஒரு பெயரும் மிஞ்சாது.

முல்லைக்கொடி அக்கா, உங்கள் நாத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள். ஆண்டாளுக்கு முன்பே சிலப்பதிகாரத்தில் கண்ணனின் காதலியாக இந்தப் பெண் இருக்கிறாள். ஆய்ச்சியர் குரவை என்ற பகுதியில் குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கேடு வரப்போகிறது என்று பயந்து மாதரி என்ற ஆயர் குலப் பெண் குரவைக் கூத்து ஆடச் சொல்கிறாள். ஏழு பெண்களை நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு வைக்கிறாள். அதில் குரல் மாயவன் (கண்ணன்), இளி அவன் அண்ணன் பலதேவன், துத்தம் பின்னை. அங்கேயே பின்னை "வேல்நெடுங்கண் பிஞ்ஞை" என்றும் வருகிறாள், மணிமேகலையிலும் பிஞ்ஞைதான். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் ஆயர் தலைவன் தன் மகளைச் சீவகனுக்குக் கொடுக்க வரும்போது, முருகன் வள்ளியை மணக்கவில்லையா, திருமால் நப்பின்னையை அடையவில்லையா, குலம் பார்க்காதே என்று சொல்கிறான். சமணர் பாட்டிலும் பௌத்தர் பாட்டிலும் வந்த பெயர் எப்படி ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமாகும்?

கோதைதாசன்:
எருமன்றம், பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். ஏட்டில் எத்தனையோ பெயர் இருக்கிறது. இன்றைக்கு ஒரு சாதாரண ஆள் நப்பின்னை என்ற சொல்லைக் காதால் கேட்டிருக்கிறான் என்றால் அதற்கு ஒரே காரணம் மார்கழிதான். திருப்பாவை 18, 19, 20 மூன்று பாட்டிலும் அவள் வருகிறாள். "நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்" என்று அழைத்து, செந்தாமரைக் கையால் வளை குலுங்க வந்து கதவைத் திற என்கிறாள் ஆண்டாள். இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே உடையவர் (இராமானுசர்) தம் ஆசாரியர் பெரிய நம்பி வீட்டு வாசலுக்கு வந்தபோது, நம்பியின் மகள் அத்துழாய் வளை ஒலிக்கக் கதவைத் திறந்தாள், அவளை நப்பின்னையாகவே கண்டு அவர் விழுந்து வணங்கினார் என்பது குருபரம்பரைக் கதை. பெயரை உயிரோடு வைத்திருந்தது எங்கள் வைணவ சம்பிரதாயம். அவள் திருமாலின் தேவியரில் ஒருத்தியான நீளாதேவி. கண்ணன் ஏழு எருதுகளை அடக்கி அவளை மணந்த கதை பாகவதத்திலும் உண்டு. நீங்கள் அதைத் தனியாக வெட்டி எடுத்துத் தனித்தமிழ் என்கிறீர்கள்.

எருமன்றம்:
பாகவதத்தில் ஏழு எருதுகளை அடக்கி மணந்தது கோசல அரசன் நக்னஜித்தின் மகள் சத்யாவை. அவள் இளவரசி, நம்மவள் மாடு மேய்ப்பவன் மகள். எருதுக் கதை பொதுவாக இருக்கலாம், பெயர் பொதுவில்லையே. மாடு அடக்கியவனுக்குப் பெண் என்பது சங்க நூலான கலித்தொகையின் முல்லைக்கலியிலேயே இருக்கிறது, அதற்கு கோசலம் வரை போகத் தேவையில்லை. இன்னொன்று, ஆண்டாள் பாட்டிலேயே "உன் மைத்துனன் பேர்பாட" என்று வருகிறது. கட்டியவனை மைத்துனன் என்பது எந்த ஊர் உறவுமுறை? அத்தை மகன், மாமன் மகள் கட்டுகிற ஊர்ப் பேச்சு அது. நீளா என்ற பெயர் அவள்மேல் அப்புறம் போர்த்தப்பட்டது என்பது என் கருத்து, உங்களுக்கு ஒப்பாது, சரி.

கோதைதாசன்:
ஒப்பாதுதான். போர்த்தியது என்பது உங்கள் சொல், ஒன்றே இரண்டு பெயரில் என்பது எங்கள் சொல். மைத்துனன் விஷயத்தில் மட்டும் சண்டையில்லை, உரைகளும் அவளை யசோதையின் உடன்பிறந்த கும்பனின் மகள் என்றுதான் சொல்கின்றன. பெயரின் பொருளையும் சொல்லிவிடுகிறேன், நம் பின்னை, அதாவது நம்முடையவள். நம்பெருமாள், நம்மாழ்வார் போல.

எருமன்றம்:
இது இலக்கணத்துக்கு ஒத்துவராது, தயவுசெய்து அக்காவைக் குழப்பாதீர்கள். நம் என்றால் நம்பின்னை என்றுதான் வரும். உங்கள் ஆசாரியர் பெயரே நம்பிள்ளைதானே, நப்பிள்ளை இல்லையே. இங்கே இருப்பது சிறப்பைக் காட்டும் "ந" என்ற முன்னொட்டு. கீரர் நக்கீரர் ஆனார், முல்லைப்பாட்டு பாடிய பூதனார் நப்பூதனார் ஆனார். பெண்களில் பாருங்கள்: காக்கைபாடினியார் நச்செள்ளையார், மாறோக்கத்து நப்பசலையார், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், மூவரும் சங்கப் புலவர்கள். பின்னை என்றால் தங்கை, பின்னால் பிறந்தவள். மூதேவிக்கு இளையவள் என்று திருமகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆக நப்பின்னை என்பது நல்ல தங்கை. வாத்தியார் ஐயா, பின்பெஞ்ச் இல்லை.

யாழ்ப்பாணத்தான்:
எங்கட பக்கம் வேற சிக்கல் இருக்கு தங்கச்சி. "பின்னை என்ன" (பிறகென்ன) எண்டுதான் நாங்கள் நாளுக்கு நூறு தரம் கதைக்கிறது. பிள்ளையைக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கிறதோ, மிச்சக் கதையைக் கேட்கிறதோ தெரியாது. பகிடிக்குச் சொன்னன், பேர் வடிவாத்தான் இருக்கு.

லண்டன்வாசி:
நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இங்கே குழந்தைக்குக் கட்டும் துணியை நாப்பி என்பார்கள். நப்பின்னை என்று இங்கே ஒரு பள்ளியில் சேர்த்தால் முதல் நாளே அந்தப் பிள்ளையின் கதி என்ன ஆகும்? உங்கள் பிள்ளை ஊரிலேயே இருந்தாலும் ஆங்கிலப் பள்ளியில் நாப்கின் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சிலப்பதிகாரம் வந்து காப்பாற்றாது. பெரியவர்கள் இங்கே நக்கீரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவள் பள்ளியில் தனியாக நிற்பாள்.

எருமன்றம்:
வெள்ளைக்காரன் சிரிப்பான் என்று நாம்...

லண்டன்வாசி:
அந்தப் பேச்சை விடுங்கள் தம்பி. நான் என் மகளுக்கே ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வைத்து, அவள் பதின்மூன்று வயதில் அதை வெட்டிச் சுருக்கிக்கொண்டதைப் பார்த்தவன். பெயர் பிழை இல்லை. ஆனால் அது எந்த வாயில் புழங்கப்போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

கணக்குவாத்தியார்:
இதைத்தான் நானும் சொன்னேன், ஆனால் இவர் அழகாகச் சொல்கிறார்.

பின்னைதான்நான்:
இந்த இழையை ஒருவர் அனுப்பினார், சிரித்துக்கொண்டே வாசித்தேன். நான் நப்பின்னை. 38 வயது. ஐயங்கார் இல்லை, அப்பா திராவிட இயக்கக்காரர், கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர். சிலப்பதிகாரம் பிடிக்கும் என்பதால் வைத்தார். நாப்கின் என்று கூப்பிட்டார்கள், ஆமாம், ஆறாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க. அழுதேன். அப்புறம் பத்தாம் வகுப்பில் தமிழாசிரியை எழுந்து நிற்கச் சொல்லி என் பெயரை வைத்தே ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார், அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. சைபர் சட்ட வழக்கறிஞர் என்.எஸ். நப்பின்னை பெயரைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் யாரோ சொந்தக்காரி மாதிரி ஒரு சந்தோஷம் வரும்.

ஏன் அரிது என்று கேட்டீர்களே, இங்கே இவ்வளவு சண்டையிலும் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இது. நம் ஊரில் பெண் குழந்தைக்குப் பெயர் ஏட்டிலிருந்து வருவதில்லை, நேர்ச்சையிலிருந்தும் பாட்டியிடமிருந்தும் வருகிறது. மீனாட்சிக்கு மதுரை, காமாட்சிக்குக் காஞ்சி, கோதைக்குத் திருவில்லிபுத்தூர். நப்பின்னையிடம் நேர்ந்துகொண்டு இந்தப் பிள்ளை பிறந்தது என்று சொல்லி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? மார்கழியில் எல்லார் வாயிலும் இருக்கிறாள், ஆனால் அவளை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்கிறார்களே தவிர, அவள் பெயரை வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. பாட்டுக்கு நடுவில் வருகிற பெயர் பெயராகவே காதில் விழுவதில்லை.

கோதைதாசன்:
இது யோசிக்க வைக்கிறது. எங்கள் வீட்டிலேயே கோதை இருவர், ஆண்டாள் ஒருவர், நப்பின்னை யாருமில்லை.

முல்லைக்கொடி:
எல்லோருக்கும் நன்றி. லண்டன் அண்ணா சொன்னது மனதில் உறுத்துகிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் பின்னைதான்நான் அக்கா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், அழுத இடம் வந்ததும் "பாவம்" என்றார், பாடம் நடத்திய இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டிலைப் பார்த்து "பின்னம்மா" என்று மெல்லக் கூப்பிட்டார். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை என்பதால் அவசரமும் இல்லை. ஒரே ஒரு சந்தேகம், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு "பி" போடுவதா, இரண்டா?

பின்னைதான்நான்:
இரண்டு போடுங்கள். எனக்கு ஒன்றுதான் போட்டார்கள், போன வாரம்கூட ஒரு அலுவலகத்தில் "நாபினாய்" என்று மூன்று முறை கூப்பிட்டு, யாரும் வரவில்லை என்று அடுத்த டோக்கனுக்குப் போய்விட்டார்கள்.